பெக்கேஜ், பைபர், பூஸ்ட், ஏஐ: கடைக்கு வாறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரம் ஒரு சின்னக் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுக்க வருபவர், ரீலோட் போட வருபவர், பிள்ளைக்கு ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்ப வருபவர் என்று யார் வந்தாலும் போகும்போது இன்டர்நெட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதி வைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. எல்லாக் கொம்பனியின் ரீலோடும் இங்கே போடுவதால் எந்தக் கொம்பனிக்கும் நான் வக்காலத்து வாங்கத் தேவையில்லை.

மனே, ஜிபி ஜிபி எண்டு சொல்றீங்களே, எனக்கு மாசத்துக்கு எத்தின ஜிபி வேணும்?

வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. யூடியூப் படத்தை 480 என்ற தரத்தில் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி போகும். அதையே 1080இல் வைத்துப் பார்த்தால் ஒன்றரை ஜிபிக்கு மேலே போய்விடும். பிள்ளையின் சூம் வகுப்பு ஒன்றுக்கு மணிக்கு அரை முதல் ஒரு ஜிபி வரை வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் குரல் மட்டும் பேசினால் அது ஒரு கணக்கே இல்லை.

ஆகவே பெரிய பெக்கேஜ் போட முதல் யூடியூப்பின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆறு அங்குலப் போனில் 480க்கும் 1080க்கும் வித்தியாசம் தெரிய நல்ல கண் வேண்டும்.

இன்னொன்று. 'மொத்தம் 100 ஜிபி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கீழேயும் வாசியுங்கள். அதில் ஒரு பங்கு நள்ளிரவு முதல் விடியும் வரைக்கும் மட்டும் என்று சில பெக்கேஜ்களில் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கே பாயை விரிக்கிற வீட்டுக்கு அந்த ஜிபி எதற்கு?

100 எம்பிபிஎஸ் லைன் எண்டுதான் தந்தாங்க. டவுன்லோட் பண்ணினா 12தான் காட்டுது. ஏமாத்துறானுகளா?

இல்லை, இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் சொல்வது செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு. டவுன்லோட் காட்டுவது மெகாபைட் என்ற பைட் கணக்கு. எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. உங்களுக்கு 12 வருகிறதென்றால் கொழுக்கட்டை மாதிரி முழுசாக வருகிறது, சந்தோஷப்படுங்கள்.

ஆனால் ஏன் பிட்டில் சொல்கிறார்கள் என்று கேட்டால், தொலைத்தொடர்புக்காரர் ஆதியிலிருந்தே அப்படித்தான் அளக்கிறார்கள். பெரிய இலக்கம் போஸ்டரில் வடிவாக இருக்கும் என்பது அவர்களுக்குக் கிடைத்த இலாபம். அந்த வசனத்தில் 'வரை' என்ற சொல்லும் எங்கேயாவது ஒளிந்திருக்கும். '100 எம்பிபிஎஸ் வரை' என்றால் 100 உச்சவரம்பு. குறைந்தது இவ்வளவு தருவோம் என்று அதில் எந்த வாக்குறுதியும் இல்லை.

அன்லிமிடெட் எண்டு காசு கட்டினன். இருபதாந் திகதிக்குப் பிறகு ஆமை மாதிரி ஊருது. என்ன கதை இது?

இது என் சொந்தக் கதையும்தான். கடைக்கு ஒரு அன்லிமிடெட் லைன் எடுத்திருந்தேன். மூன்றாம் கிழமையில் ஒருநாள் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று நாலு பிள்ளைகள் கதிரையில் காத்திருக்க, பக்கம் திறக்கவே மாட்டேன் என்றது. கொம்பனிக்கு எடுத்துக் கேட்டால், 'சேர், நீங்க நியாயப் பயன்பாட்டு எல்லையைத் தாண்டிட்டீங்க' என்றார்கள். கடைசியில் என் போனின் ஹொட்ஸ்பொட்டில்தான் அந்த நாலு விண்ணப்பமும் போயின.

அன்லிமிடெட் என்றால் கனெக்ஷனை வெட்டமாட்டோம் என்பதுதான் அர்த்தம். குறிப்பிட்ட அளவு பாவித்த பிறகு வேகத்தைக் குறைப்பார்கள். எத்தனை ஜிபிக்குப் பிறகு, எந்த வேகத்துக்கு என்று இரண்டு இலக்கமும் நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். லைன் எடுக்க முதல் இந்த இரண்டையும் வாயால் கேட்காமல் வட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் தரத் தயங்குகிற விற்பனைப் பிரதிநிதியிடம் நான் லைன் எடுக்கமாட்டேன்.

நாங்க படுவான்கரை. பைபர் நல்லமா, 4ஜி ரவுட்டர் நல்லமா?

பைபர் வந்தால் பைபர்தான். அதில் இரண்டாவது பேச்சில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி போகிறது. மழைக்கும் தூரத்துக்கும் அது செப்புக் கம்பி போல் துவண்டுவிடாது. பழைய செப்பு லைனில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் கரைந்துகொண்டே போகும். அதனால்தான் ரவுணில் ஓடிய லைன் ஊர்க் கடைசி வீட்டில் நொண்டியது.

சிக்கல் என்னவென்றால் பைபர் பிரதான வீதியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் அதற்குத் தெற்கே கடற்கரையோரமாகவும் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று வீடுகள் வீதியோரமாக அடுக்கி இருக்கின்றன. ஒரு கம்பத்திலிருந்து எட்டு வீட்டுக்கு இழுத்தால் கொம்பனிக்குச் செலவு வந்துவிடும். வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரையில் வயலுக்கு நடுவில் ஒரு வீடு, அரைக்கட்டை தள்ளி இன்னொரு வீடு. அங்கே கம்பம் நட்டால் எத்தனை வருசத்தில் அந்தக் காசு திரும்பும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். கொம்பனி கொம்பனியாகத்தான் நடக்கும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு அரசாங்கம் கைகொடுக்காமல் லைன் வராது என்பது என் அபிப்பிராயம்.

பைபர் இல்லாத இடத்தில் 4ஜி ரவுட்டர்தான் வழி. ஆனால் வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு வேறு கொம்பனி சிம் வைத்திருப்பவர்களை ஒரு பொழுதுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ரவுட்டர் வைக்கப்போகிற அதே ஜன்னலடியில் ஒவ்வொரு சிம்மிலும் வேகத்தை அளந்து பாருங்கள். இரவு எட்டு மணிக்கு அளக்க வேண்டும். விற்க வருகிறவர் காலை பதினொரு மணிக்குத்தான் வந்து அளந்து காட்டுவார். அந்த நேரம் ஊரே வேலையில் இருக்கும், டவர் சும்மா நிற்கும்.

போனில நாலு கோடும் நிறைஞ்சு நிக்குது. ஆனா ஒண்டும் ஓடுதில்ல. ஏன்கா?

கோடு காட்டுவது டவருக்கும் உங்கள் போனுக்கும் இடையிலான சிக்னலின் பலத்தை. டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று அது சொல்லாது. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவன்று அமிர்தகழிக்குப் போய்ப் பாருங்கள். கோடெல்லாம் நிறைந்திருக்கும், ஒரு படம்கூட அனுப்ப முடியாது. வீதி அகலமாகத்தான் இருக்கிறது, சனம்தான் விலகவில்லை. உங்கள் ஊரில் இரவு எட்டு மணிக்கு நடப்பதும் இதுதான்.

ரவுட்டர் ஹோல்ல இருக்கு. பின் அறைக்கு வைபை வருதில்ல. பெரிய பெக்கேஜ் போட்டாச் சரிவருமா?

வராது. பெக்கேஜ் வாசல் வரைக்கும் வருகிற தண்ணீர் மாதிரி. உள்ளே பைப் அடைத்திருந்தால் எவ்வளவு வந்தும் பிரயோசனமில்லை. ரவுட்டரில் இரண்டு பெயர் தெரிந்தால் ஒன்று 2.4, மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். 5இல் வேகம் கூட, சுவரைத் தாண்டுவது குறைவு. பின் அறைக்கு 2.4இல் இணையுங்கள். ரவுட்டரைக் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வீட்டுக்கு நடுவில் உயரமாக வையுங்கள். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் என்றாலும் பரவாயில்லை.

கரண்ட் போனா பைபரும் போயிடுது. அது ஒளியிலதானே ஓடுது?

ஒளியில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த ஒளியை மாற்றித் தருகிற வெள்ளைப் பெட்டியும் ரவுட்டரும் உங்கள் வீட்டுப் பிளக்கில்தான் ஓடுகின்றன. கரண்ட் போனால் பற்றரியில் ஓடவைக்கிற சின்ன யூபிஎஸ் ரவுட்டருக்கென்றே விற்கிறார்கள். வாங்கும்போது பெட்டி 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அடப்டரில் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி கருகிவிடலாம்.

டவருக்கும் இதே கதைதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததே, அப்போது டவர் பற்றரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லாமல் சிக்னலும் போனது. கார்த்திகை மார்கழி வெள்ளத்திலும் அதுதான் நடக்கும். அதனால் பைபர் ஒரு கொம்பனி, போன் சிம் இன்னொரு கொம்பனி என்று வைத்திருப்பது நல்லது.

பேஸ்புக் பெக்கேஜ் போட்டிருக்கன். பேஸ்புக் மட்டுந்தான் பாக்கிறன். டேட்டா எப்படி வெட்டுப்படுது?

பேஸ்புக்கில் யாரோ போட்ட செய்தி இணைப்பை அமத்தியிருப்பீர்கள். அமத்தினதும் நீங்கள் பேஸ்புக்கை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். அது சாதாரண டேட்டா. யூடியூப் இணைப்பும் அப்படித்தான்.

இந்த மாதிரிப் பெக்கேஜ் எனக்குப் பிடிக்கவில்லை, விற்கிறவன் நானேயானாலும். விலை குறைவு, உண்மைதான். ஆனால் ஒருவர் பேஸ்புக்கில் ஒரு வதந்தியைப் பார்க்கிறார். அது பொய்யா மெய்யா என்று வெளியே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் காசு வெட்டும். உள்ளே இருந்து நம்புவதற்குக் காசில்லை. அம்பாறையில் 2018இல் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை போட்டார்கள் என்ற பொய் எங்கெல்லாம் போய் எரிந்தது என்று நமக்குத் தெரியும். எல்லாத் தளத்துக்கும் ஒரே விலை என்று இருப்பதுதான் நியாயம்.

5ஜி போன் வாங்கவா?

போன் பழுதாகிப் புதிதாக எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், விலை ஒத்துவந்தால் எடுங்கள். 5ஜிக்காக மட்டும் நல்ல போனை மாற்ற வேண்டாம். 5ஜிக்குப் பெரும்பாலும் பாவிக்கிற உயர் அலைவரிசை பழைய அலைவரிசை அளவுக்குத் தூரம் போகாது, டவர் நெருக்கமாக வேண்டும். மேலே பைபருக்குச் சொன்ன வயல் வீட்டுக் கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள், எந்த ஊருக்கு முதலில் வரும் என்று விளங்கும்.

ஸ்டார்லிங்க் வந்திட்டாம். இனி டவரே தேவையில்லையாமே?

ஸ்டார்லிங்க் என்பது செய்மதி வழியாக வருகிற இன்டர்நெட். 2024 ஆகஸ்ட்டில் உரிமம் கிடைத்து, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கினார்கள். பழைய செய்மதி இணைப்பு 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிற செய்மதிக்குப் போய்த் திரும்ப வேண்டும். கேள்வி போய் விடை வர அரைச் செக்கன் ஆகிவிடும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் 500 கிலோமீற்றர் அளவில்தான் ஓடுகின்றன. அதனால் பேச்சு இழுபடாது. இது வெறும் விளம்பரமில்லை, உண்மையான முன்னேற்றம்.

ஆனால் அந்தத் தட்டுக்கு வானம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். நம்முடைய வளவில் நாலு தென்னை, ஒரு மா, ஒரு வேம்பு இல்லாத இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். தட்டைக் கூரைக்கு மேலே ஏற்றினாலும் ஓலை ஆடும்போது இடையிடையே வெட்டும். விலையும் சாதாரண வீட்டுக்குக் கூடத்தான். வாகரைப் பக்கம் டவர் எட்டாத பண்ணைக்கோ அறுகம்பையில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதிக்கோ எடுக்கலாம். வாசலில் பைபர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு?

கடலுக்கடியில கேபிள் வெட்டுப்பட்டா நெட் ஸ்லோவாகுமாம். நம்மட கடலுக்குள்ளயும் கேபிள் இருக்கா?

கல்லடிக் கடலில் மீன்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். நாம் லண்டனில் இருக்கிற ஒரு பக்கத்தைத் திறந்தால் அது முதலில் தரைவழியாக மேற்குக் கரைக்கோ தெற்குக் கரைக்கோ போய்த்தான் கடலில் இறங்கும். ஆனாலும் கேபிள் ஒன்று அறுந்தால் எல்லாமே நிற்காது. வேறு கேபிளால் திருப்பிவிடுவார்கள். யூடியூப், பேஸ்புக் போன்றவை அதிகம் பார்க்கப்படுகிற படங்களின் பிரதியை நாட்டுக்குள்ளேயே சேர்வரில் வைத்திருப்பதால் அவை ஓடும். உங்கள் லைன் தினமும் இரவில் மட்டும் படுத்தால் அது கேபிள் இல்லை.

தம்பி, மருதமுனையில எங்கட தறி. பேஸ்புக்ல பூஸ்ட் பண்ணினா சாறன் சாரி விக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நானாவோடு இரண்டு மாதம் இருந்து செய்து பார்த்தேன். முதல் முறை அவர் மகன் போஸ்ட்டுக்குக் கீழே இருந்த 'பூஸ்ட்' என்ற நீலப் பொத்தானை அமத்திக் காசு கட்டி, நாடு முழுக்க, 18 வயது முதல் 65 வரை எல்லாருக்கும் காட்டச் சொல்லிவிட்டார். விருப்பம் (லைக்) மழையாகக் கொட்டியது. ஓடர் ஒன்றும் இல்லை. பேஸ்புக்கிடம் 'விருப்பம் வாங்கித் தா' என்று கேட்டால் எதைக் கண்டாலும் விருப்பம் போடுகிறவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நாம் கேட்டதுதான் பிழை.

இரண்டாம் முறை நோக்கத்தை 'மெசேஜ் வர வேண்டும்' என்று மாற்றினோம். கொழும்பையும் கண்டியையும் மட்டும் குறித்தோம். படத்தை இரவு டியூப்லைட்டில் எடுக்காமல், காலையில் முற்றத்து வெயிலில் சாரியைக் கயிற்றில் போட்டு, கரையின் நூல் தெரியக் கிட்டப் போய் எடுத்தோம். தறியில் நானாவின் கை ஓடுகிற பத்துச் செக்கன் வீடியோ ஒன்றும் போட்டோம், அந்தச் சத்தத்தோடு. முக்கியமாக, விலையை எழுதினோம். 'விலைக்கு இன்பொக்ஸ் வாங்க' என்று போடுகிற பழக்கத்தை யார் தொடங்கினார்களோ! சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை கேட்டால் காதுக்குள் சொல்லுகிறேன் என்று யாராவது சொல்வார்களா? இந்த முறை விருப்பம் குறைவு. ஆனால் பதினொரு சாரி போனது.

காசு விடயம் ஒன்று. விளம்பரக் கட்டணம் அநேகமாக டொலரில் வங்கி அட்டையிலிருந்து வெட்டும். வங்கி தன் மாற்று வீதத்தையும் கட்டணத்தையும் சேர்த்து எடுக்கும். அதையும் சாரி விலைக்குள் போட்டுக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு இவ்வளவு என்று எல்லை வைக்காமல் பொத்தானை அமத்த வேண்டாம்.

பேஜ் இருக்கே, மறுகா வெப்சைட் என்னத்துக்கு?

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்கப் படுத்தன. அன்றைக்குப் பேஸ்புக் பேஜ் மட்டும் வைத்திருந்தவர் கடையைப் பூட்டின மாதிரித்தான். கணக்கை யாராவது ஹக் பண்ணினாலும் அதே நிலைதான், அது ஆறு மணித்தியாலத்தில் முடியவும் முடியாது. பேஜ் வாடகைக் கடை. வீட்டுக்காரன் நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும்.

அதற்காக உடனே பெரிய செலவில் வெப்சைட் கட்டச் சொல்லவில்லை. முதலில் கூகுள் மெப்பில் கடையைப் பதியுங்கள். அது இலவசம். நேரம், தொலைபேசி, நாலு படம். பிறகு வாடிக்கையாளரின் பெயர், இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வெப்சைட் மூன்றாவது. அதற்கு .எல்கே பெயர் எடுக்கலாம், தமிழிலேயே .இலங்கை என்று முடிகிற பெயரும் எடுக்கலாம்.

ஏஐ வந்திட்டுதே, எங்கட மகள் ஐடி படிக்கிறதில இனிப் பிரயோசனம் இருக்கா?

2021 ஒக்டோபரில் பேஸ்புக் கொம்பனி தன் பெயரையே மெட்டா என்று மாற்றி, இனி எல்லாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறொரு உலகத்தில் வாழ்வோம் என்றது. கல்முனைச் சந்தைக்கு அந்த உலகம் இன்னும் வரவில்லை. ஏஐயை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. 2022 நவம்பர் 30இல் சட்ஜிபிடி வந்த பிறகு என் கடையிலேயே வேலை மாறிவிட்டது. முன்பு ஆங்கிலக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தவர்கள் இப்போது எழுதிக்கொண்டு வந்து பிரிண்ட் மட்டும் கேட்கிறார்கள்.

படிக்கட்டும். ஆனால் 'மூன்று மாதத்தில் ஏஐ நிபுணர்' என்று சுவரில் ஒட்டியிருக்கிற வகுப்புக்குக் காசு கட்ட முதல் யோசியுங்கள். கணிதமும் ஆங்கிலமும் நிரலாக்கத்தின் அடிப்படையும் தெரிந்த பிள்ளைக்கு எந்தக் கருவி வந்தாலும் பிடிபடும். தமிழில் இந்தக் கருவிகள் இன்னும் தடுமாறுகின்றன. மட்டக்களப்பில் நாம் பேசுகிற மாதிரி ஒரு விளம்பரம் எழுதித் தா என்று கேட்டேன். மேடைப் பேச்சு மாதிரி ஒன்று வந்தது. அந்த இடைவெளியில் நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மகன் துபாயில. வட்ஸ்அப் கோல் எடுக்கேலாதாம், விபிஎன் போடவாம். போடலாமா?

ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் கோல் அனுமதிக்கப்படவில்லை. அனுமதி பெற்ற வேறு செயலிகள் இருக்கின்றன. பொட்டிம் அதில் ஒன்று. அதில் பேசச் சொல்லுங்கள். தடையைத் தாண்ட விபிஎன் (வேறொரு சேர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வைக்கிற செயலி) போட்டுப் பிடிபட்டால் அங்கே தண்டப்பணம் மிகக் கடுமை. ஊருக்கு அனுப்பச் சேர்த்த காசு அதற்குப் போகும்.

இங்கே நமக்கு விபிஎன் பழகினது 2018 மார்ச்சில், கண்டி வன்முறையோடு ஒரு வாரமளவில் சமூக வலைத்தளங்களை முடக்கினபோது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அந்த முடக்கம் திரும்ப வந்தது. அப்போது போட்ட இலவச விபிஎன் இன்னும் போனில் கிடந்தால் அழித்துவிடுங்கள். உங்கள் போக்குவரத்து முழுக்க அதனூடாகப் போகிறது. காசு வாங்காமல் அதை நடத்துகிறவர் எதில் சம்பாதிக்கிறார் என்று யோசியுங்கள்.

கொம்பனிக்கு எடுத்து எடுத்துக் களைச்சிட்டம். மறுகா எங்க சொல்ற?

முதலில் கொம்பனியிடம் முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அது இல்லாமல் மேலே போனால் திருப்பி அனுப்புவார்கள். மூன்று நாள் இரவு எட்டு மணிக்கு அளந்த வேகத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, இலக்கம் 1900. விளம்பரத்தில் ஒன்று சொல்லி வேறொன்று தந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் சொல்லலாம், 1977.

பில்லில் சொன்ன விலையைவிடக் கூட வந்ததென்று மட்டும் முறைப்பாடு செய்ய முதல் அடியைப் பாருங்கள். விளம்பர விலைக்கு மேல் 18 வீத வற் வரியும் வேறு வரிகளும் ஏறியிருக்கும். விலையைக் கேட்கும்போதே 'வரியோடு எவ்வளவு' என்று கேட்டுப் பழகுங்கள்.

எல்லாம் சரி, நீங்க எந்தக் கொம்பனி பாவிக்கிறீங்க?

கடைக்குப் பைபர் ஒன்று, போனுக்கு வேறொரு கொம்பனியின் சிம். காரணம் கரண்ட் கேள்வியில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் நீங்களும் அதையே எடுப்பீர்கள். என் கடை வீதியோரம், உங்கள் வீடு வெல்லாவெளியில். சொல்லிப் பிரயோசனமில்லை. இரவு எட்டு மணிக்கு அளந்துகொண்டு வாங்க, பார்த்துச் சொல்லுகிறேன்.